கடைசி எட்டு வசனங்களை எழுதியது யார்?

1975-இல் எருசலேமில் ஒரு புத்தகம் அச்சாகி வந்தது. அதில் பேசியவர் இறந்து ஏழரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் நகரத்தில் வாழ்ந்து 1217-இல் காலமான யூத மதகுரு ரபி யெகூதா ஹெஹாசித், மோசே எழுதியதாக யூத மரபு சொல்லும் ஐந்து ஆகமங்களான தோராவுக்குச் சொன்ன விளக்கங்கள் அவை. மகன் குறித்து வைத்திருந்தவற்றைப் பழைய கைப்பிரதிகளிலிருந்து திரட்டி, லாங்கே என்ற அறிஞர் பதிப்பித்தார். பழைய நூல் ஒன்று வெளிச்சத்துக்கு வருகிறது, சந்தோஷமான விஷயம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் உள்ளே சில இடங்கள் இருந்தன. எண்ணாகமம் 21-இல் "இஸ்ரவேலர் இந்தப் பாட்டைப் பாடினார்கள்" என்று ஒரு வரி வருகிறது. அங்கே பாடப்பட்டது "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வரிக்கு வரி திரும்பத் திரும்ப வரும் 136-ஆம் சங்கீதம்தான், அது முதலில் தோராவிலேயே இருந்தது, தாவீது ராஜா அதை அங்கிருந்து எடுத்துச் சங்கீதப் புத்தகத்தில் வைத்துவிட்டார் என்கிறார் ரபி யெகூதா. வேறு சில வசனங்களை மோசேக்குப் பின் வந்தவர்கள் சேர்த்தார்கள் என்றும் போகிற போக்கில் சொல்கிறார். குரலில் பதற்றமே இல்லை.

பதற்றம் இந்தக் காலத்துக்காரர்களுக்கு வந்தது. நியூயார்க்கில் இருந்த ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் 20-ஆம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர்களில் ஒருவர். அவர் தீர்ப்பு சொன்னால், மரபுச் சட்டத்தை அப்படியே கடைப்பிடிக்கும் அமெரிக்க ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் பலருக்கு அதற்கு மேல் பேச்சில்லை. இது அந்த மகான் சொன்னதாக இருக்க முடியாது, யாரோ மதத் துரோகிகள் இடைச்செருகியது, இதை அச்சிடவே கூடாது என்றார் அவர். பிறகு சங்கடமான பகுதிகளை நீக்கிய ஒரு பதிப்பு வந்தது. இதே கருத்துகள் வேறு சில இடைக்கால நூல்களிலும் மேற்கோளாக இருக்கின்றன என்பதால், இடைச்செருகல் வாதம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ரபி யெகூதாவின் பெயரில் ஓர் உயில் இருக்கிறது. தாயின் பெயரைக் கொண்ட பெண்ணை மகன் மணக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. இன்றைக்கும் பல ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களில் வரன் பார்க்கும்போது இதைக் கவனிக்கிறார்கள். பெண்ணின் பெயர் விஷயத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. வேதத்தை எழுதியது யார் என்பதில் மட்டும் அதே மனிதருக்கு வாய்ப்பூட்டு.

இந்த விவகாரத்தைப் படித்த பிறகுதான், யூத மதத்துக்குள் இந்தக் கேள்வி எப்படியெல்லாம் நடந்து வந்திருக்கிறது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் யூதனும் இல்லை, எபிரேய அறிஞனும் இல்லை. பழைய ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் முழுவதும் மொழிபெயர்ப்போடு இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் என்னைப் போன்றவர்களும் உள்ளே எட்டிப் பார்க்க முடிகிறது, அவ்வளவுதான்.

கேள்வி மிக எளிமையானது. உபாகமத்தின் கடைசி அத்தியாயத்தில் மோசே இறந்து போகிறார், அடக்கம் செய்யப்படுகிறார், முப்பது நாள் துக்கம் கொண்டாடுகிறார்கள். "அவருடைய கல்லறை எங்கே என்று இந்நாள்வரை ஒருவருக்கும் தெரியாது" என்கிறது வேதம். ஐந்து ஆகமங்களையும் எழுதியது மோசே என்றால், இந்த எட்டு வசனங்களை எழுதியது யார்? விவிலியம் படித்த எந்தப் பள்ளிப் பிள்ளையும் கேட்கிற கேள்வி இது. தல்மூதும் கேட்கிறது, பாபா பத்ரா என்ற பகுதியில். யோசுவா எழுதினார் என்று ஒரு ரபி சொல்கிறார். அதெப்படி, ஓர் எழுத்துக்கூடக் குறையாத தோராவையல்லவா மோசே ஒப்படைத்தார் என்று ரபி ஷிமோன் மறுக்கிறார். அவருடைய பதில்: அதுவரை கடவுள் சொல்லச் சொல்ல மோசே திருப்பிச் சொல்லி எழுதினார், அந்த எட்டு வசனங்களுக்கு மட்டும் கடவுள் சொன்னார், மோசே கண்ணீரோடு எழுதினார். தன் சாவைத் தானே, வாய் திறக்காமல்.

இரண்டு கருத்துகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. யோசுவா என்று சொன்னவரை யாரும் வெளியே தள்ளவில்லை.

அப்படியென்றால் எல்லை எங்கே? தல்மூதுக்கு அடித்தளமான சட்டத் தொகுப்பு மிஷ்னா. அதில் ஒரு கடுமையான வரி உண்டு: தோரா வானத்திலிருந்து வந்ததில்லை என்பவனுக்கு மறுமையில் பங்கில்லை. வானத்திலிருந்து என்றால் எப்படி, யார் கையால், ஒரே நேரத்திலா என்பதையெல்லாம் மிஷ்னா விளக்கவில்லை. அந்த இடைவெளியை இறுக்கமாக அடைத்தவர் 12-ஆம் நூற்றாண்டின் பெரிய யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடீஸ். 1168-இல் எகிப்தில் முடித்த மிஷ்னா உரையில் அவர் 13 நம்பிக்கைகளைப் பட்டியலிட்டார். எட்டாவது: இன்று நம் கையில் இருக்கும் தோரா முழுவதும் மோசே வழியாக வந்தது, அவர் சொல்லச் சொல்ல எழுதும் எழுத்தர் போல இருந்தார். "திம்னாள் எலீப்பாசுக்கு மறுமனையாட்டியாயிருந்தாள்" என்ற உப்புச் சப்பில்லாத வம்ச வரிக்கும் பத்துக் கட்டளைகளின் முதல் வரிக்கும் புனிதத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது என்கிறார். யூதர்கள் தங்கள் வேதத்தைத் திருத்திவிட்டார்கள் என்ற இஸ்லாமிய விமர்சனம் சுற்றிலும் கேட்டுக்கொண்டிருந்த சூழலில் அவர் இவ்வளவு அழுத்தினார் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. அந்த 13-உம் பின்னால் பாட்டாகி, ஜெபப் புத்தகத்தில் ஏறி, இன்றும் பாடப்படுகின்றன. ஒரு கருத்து பாட்டாகிவிட்டால் அதோடு வாதாடுவது கஷ்டம்.

இத்தனைக்கும் "இன்று நம் கையில் இருக்கும் தோரா" என்பதே சிக்கலானது. எந்த எழுத்தைச் சேர்த்து எழுதுவது, எதை விட்டு எழுதுவது என்பதில் முன்னோர்கள் தேர்ந்தவர்கள், நமக்கு அந்தத் தேர்ச்சி இல்லை என்று தல்மூதிலேயே ஒரு ரபி ஒப்புக்கொள்கிறார். யேமன் யூதர்களின் சுருளும் மற்றவர்களின் சுருளும் ஒன்பது எழுத்துகளில் வேறுபடுகின்றன. மூன்று லட்சத்துக்கு மேல் எழுத்துகள் கொண்ட சுருளில் இது ஒன்றுமேயில்லை, பிரதி எடுத்தவர்களின் கவனத்தை நினைத்தால் மலைப்புத்தான் வருகிறது. ஆனாலும் ஓர் எழுத்து குறைந்தால் சுருளே செல்லாது என்பதுதான் சட்டம்.

மைமோனிடீஸுக்கு ஒரு தலைமுறை முன்னால் ஸ்பெயினில் பிறந்தவர் ஆபிரகாம் இப்னு எஸ்ரா. கவிஞர், இலக்கணக்காரர், வானியல் தெரிந்தவர், காலமெல்லாம் ஊர் ஊராகச் சுற்றிய ஏழை. நான் மெழுகுவர்த்தி விற்றால் சூரியன் மறையாது, சவத்துணி விற்றால் யாருமே சாகமாட்டார்கள் என்று தன் ராசியைப் பற்றித் தானே கவிதை எழுதியவர். உபாகமத்தின் தொடக்கத்துக்கு அவர் எழுதிய உரையில் ஒரு விடுகதை இருக்கிறது. "பன்னிரண்டின் இரகசியம்" உனக்குப் புரிந்தால், "மோசே எழுதினான்", "அக்காலத்திலே கானானியர் அத்தேசத்தில் இருந்தார்கள்", "அவனுடைய கட்டில் இரும்புக் கட்டில்" ஆகியவையும் புரிந்தால், உண்மை உனக்குத் தெரியவரும் என்கிறார். பன்னிரண்டு என்பது உபாகமத்தின் கடைசி அத்தியாயத்தின் 12 வசனங்கள் என்பதுதான் வழக்கமான விளக்கம். மற்றவையும் அதே வகை. "அக்காலத்திலே கானானியர் இருந்தார்கள்" என்று எழுதியவர், கானானியர் இல்லாத காலத்தில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். மோசே காலத்தில் அவர்கள் அங்கேயேதானே இருந்தார்கள்? இந்த வசனத்துக்கு உரை எழுதும்போது இப்னு எஸ்ரா சொல்வது: இதில் ஓர் இரகசியம் உண்டு, அறிவுள்ளவன் மௌனமாக இருப்பான்.

இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது. சொல்லியும் விட்டார், சொல்லவும் இல்லை.

அதற்காக அவரை ஒரு புரட்சிக்காரராக நினைத்துக்கொள்ளக் கூடாது. தோராவில் வரும் ஏதோமின் ராஜாக்கள் பட்டியல், மோசேக்குப் பல நூற்றாண்டு பின்னால் வந்த யோசபாத் ராஜா காலத்தில் எழுதப்பட்டது என்று யிட்ஸாகி என்ற ஒருவர் சொன்னதை எடுத்துக்கொண்டு, அவன் புத்தகத்தைக் கொளுத்த வேண்டும் என்று எழுதியவரும் இதே இப்னு எஸ்ராதான். ஒரு சொற்றொடர் பிற்காலத்தில் வந்திருக்கலாம், ஒரு முழுப் பகுதி வரக் கூடாது என்பது அவர் கணக்காக இருக்கலாம். அல்லது, குசுகுசுவென்று சொல்லலாம், கத்தக் கூடாது என்பதாக இருக்கலாம். பின்னால் 14-ஆம் நூற்றாண்டில் அவருடைய உரைக்கு உரை எழுதிய யோசேப்பு போன்ஃபிஸ், விடுகதையை அவிழ்த்துப் பச்சையாகவே சொல்லிவிட்டார்: மோசே எழுதினால் என்ன, வேறொரு தீர்க்கதரிசி எழுதினால் என்ன, எல்லாமே உண்மை, எல்லாமே தீர்க்கதரிசனம்.

பிறகு வந்தவர் கத்தினார். ஆம்ஸ்டர்டாமின் யூத சமூகம் 1656 ஜூலையில் விலக்கி வைத்த 23 வயது ஸ்பினோசா, 1670-இல் பெயர் போடாமல் வெளியிட்ட நூலில் இப்னு எஸ்ராவின் விடுகதையையே முதல் சாட்சியாக வைத்து, மோசே இதை எழுதவில்லை, அநேகமாகப் பல நூற்றாண்டு பின்னால் வந்த வேதபாரகர் எஸ்றா தொகுத்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். வேதத்தை எழுதியவர் யார் என்பதோடு அவர் நிற்கவில்லை. அந்தச் சட்டம் ஒரு பழைய அரசின் சட்டம், அந்த அரசு போனதும் சட்டமும் போயிற்று என்றார். போன்ஃபிஸும் ஸ்பினோசாவும் பார்த்தது ஒரே வசனங்களைத்தான். ஒருவருக்கு அதனால் எதுவும் மாறவில்லை, மற்றவருக்கு எல்லாமே மாறிவிட்டது.

என் பார்வையில் சண்டை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. மோசே எழுதினாரா என்பது வரலாற்றுக் கேள்வி போலத் தெரிந்தாலும், அதற்குப் பின்னால் நிற்கும் கேள்வி வேறு: அவர் எழுதவில்லையென்றால் நான் ஏன் சனிக்கிழமை விளக்கைப் போடக் கூடாது, ஏன் இறால் சாப்பிடக் கூடாது? பயம் கற்பனையானதும் இல்லை. 1883-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் சீர்திருத்த யூதக் கல்லூரியின் முதல் பட்டமளிப்பு விருந்தில் இறாலும் சிப்பியும் தவளைக்காலும் பரிமாறப்பட்டு, சில ரபிகள் எழுந்து போனார்கள். இரண்டு வருடம் கழித்துப் பிட்ஸ்பர்க்கில் கூடிய சீர்திருத்த ரபிகள், வேதத்தின் ஒழுக்க விதிகள் மட்டுமே நம்மைக் கட்டுப்படுத்தும், உணவு விதிகளும் உடை விதிகளும் நம் காலத்துக்கு அந்நியமானவை என்று அறிவித்தார்கள்.

அதே காலத்தில் ஜெர்மனியில் வெல்ஹவுசன் என்ற விவிலிய ஆய்வாளர், தோரா நான்கு மூலங்களைப் பின்னியது என்ற கருத்துக்கு அதன் புகழ்பெற்ற வடிவத்தைக் கொடுத்தார். அவருடைய கதையில் தீர்க்கதரிசிகளின் உயிருள்ள மதம் முதலில் வருகிறது, ஆசாரியர்களின் வறட்டுச் சட்டம் கடைசியில் வருகிறது; யூத மதம் என்பதே ஒரு சரிவு. அதனால்தான் 1903-இல் சாலமன் ஷெக்டர், "உயர் விமர்சனம்" என்று பெயர் பெற்ற இந்த ஆய்வை "உயர்ந்த யூத வெறுப்பு" என்று குத்தினார். இவர் ஒன்றும் ஆராய்ச்சிக்குப் பயந்தவரில்லை. கெய்ரோ ஜெப ஆலயத்தின் பழைய ஏட்டுக் குவியலை மூட்டை மூட்டையாகக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனவர். பெர்லினில் டேவிட் ஸ்வி ஹோஃப்மன் வெல்ஹவுசனுக்கு வரிக்கு வரி மறுப்பு எழுதினார். எழுதும்போதே, மோசே அல்லாத வேறொருவர் எழுதினார் என்ற முடிவுக்கு என் நம்பிக்கை என்னைப் போகவிடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். இந்த நேர்மை எத்தனை ஆய்வாளர்களுக்கு வரும்?

சரி, லூயி ஜேக்கப்ஸ் கதைக்கு வருவோம். இந்த விவாதத்தை ஒரு மனிதனின் வாழ்க்கையில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் இவரை விட்டால் ஆளில்லை.

1920-இல் மான்செஸ்டரில் பிறந்தவர். மான்செஸ்டர் யெஷிவாவிலும் கேட்ஸ்ஹெட்டிலும் ஆர்த்தடாக்ஸ் முறையில் தல்மூத் படித்தவர். 1954-இல் லண்டனின் நியூ வெஸ்ட் எண்ட் ஜெப ஆலயத்தின் ரபியானார். 1957-இல் அவர் எழுதிய ஒரு சிறிய நூலில், தோராவில் மனிதக் கைகள் பட்டிருக்கின்றன என்ற ஆய்வு முடிவை ஏற்றுக்கொண்டே ஒரு யூதன் தோரா கடவுளிடமிருந்து வந்தது என்று நம்பலாம், சட்டங்களை முழுவதும் கடைப்பிடிக்கலாம் என்றார். அப்போது பெரிய சலசலப்பு எதுவும் எழவில்லை. இரண்டு வருடம் கழித்து, ரபிகளை உருவாக்கும் ஜூஸ் காலேஜில் (யூதர் கல்லூரி) ஆசிரியராகவும் சேர்ந்தார். முதல்வர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நாற்காலி காலியானதும் புத்தகம் திடீரென்று ஆபத்தானதாகிவிட்டது. தலைமை ரபி இஸ்ரேல் பிராடி சம்மதம் தர மறுத்தார். ஜேக்கப்ஸ் 1961-இல் பதவி விலகினார். 1964-இல் பழைய ஜெப ஆலயமே அவரைத் திரும்ப அழைத்தது; தேவையான சான்றிதழைத் தர பிராடி மீண்டும் மறுத்தார். விடாப்பிடியாக நின்ற அந்த ஜெப ஆலயத்தின் நிர்வாகக் குழுவை மேலமைப்பு கலைத்தது. சபையில் பெரும் பகுதியினர் வெளியேறி, ஜேக்கப்ஸுக்காக நியூ லண்டன் ஜெப ஆலயத்தைத் தொடங்கினார்கள். அது இருப்பது அபே ரோட்டில், பீட்டில்ஸ் பாடிய அதே தெருவில். ஆர்த்தடாக்ஸுக்கும் சீர்திருத்தத்துக்கும் நடுவில் நிற்கும் மசோர்த்தி இயக்கம் பிரிட்டனில் அங்கிருந்துதான் கிளம்பியது.

ஜேக்கப்ஸ் வெளியே போன பிறகும் ஓய்வுநாளை மீறவில்லை, உணவு விதியை மீறவில்லை. வாழ்நாள் முழுவதும் ஆர்த்தடாக்ஸ் யூதனைப் போலவே வாழ்ந்தார். சின்சினாட்டி விருந்தின் பயம் இவர் விஷயத்தில் பலிக்கவில்லை. ஆனாலும் 2003-இல், பேத்தியின் திருமணத்தை ஒட்டிய ஓய்வுநாளில் ஓர் ஆர்த்தடாக்ஸ் ஜெப ஆலயத்துக்குப் போனபோது, தோரா வாசிப்புக்கு அழைக்கப்படும் மரியாதை அவருக்கு மறுக்கப்பட்டது. "சத்திய தோராவை எங்களுக்குத் தந்தவரே" என்ற ஆசீர்வாதத்தை அங்கே சொல்ல வேண்டும். அவர் சொன்னால் அது அவரே நம்பாத வார்த்தையாகிவிடும், ஆகவே அவரை அழைக்காதது கொள்கைப்படி சரியே என்று மேலிடத்திலிருந்து விளக்கம் வந்தது. 83 வயது மனிதர். இதைக் கொள்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2005-இல், யூதர்கள் மீண்டும் இங்கிலாந்தில் குடியேறிய 350-ஆம் ஆண்டை ஒட்டி ஜூயிஷ் கிரானிகிள் பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில், மிகச் சிறந்த பிரிட்டிஷ் யூதர் என்று வாசகர்கள் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். அந்த 350 வருடம் தொடங்கும் 1656-தான் ஆம்ஸ்டர்டாமில் ஸ்பினோசாவை விலக்கிய வருடமும்.

யூத மதம் விவாதத்தை நேசிக்கும் மதம் என்று பேசுபவர்கள் எல்லோரும் தல்மூதின் அடுப்புக் கதையைச் சொல்வார்கள். ஓர் அடுப்பு சுத்தமா அசுத்தமா என்ற வாதத்தில் ரபி எலியேசருக்கு ஆதரவாக மரம் நகர்கிறது, நீரோடை பின்னால் ஓடுகிறது, வானத்திலிருந்து குரலே வருகிறது. "அது வானத்தில் இல்லை" என்ற உபாகம வசனத்தைக் காட்டி, பெரும்பான்மை முடிவே சட்டம் என்கிறார் ரபி யோசுவா. என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள் என்று கடவுள் சிரிக்கிறார். சொல்பவர்கள் அநேகமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். கதை நிற்பதில்லை. அடுத்ததாக ரபி எலியேசரை விலக்கி வைக்கிறார்கள். கறுப்பு உடுத்திக்கொண்டு போய்ச் செய்தியைச் சொல்கிறார் அகிபா. எலியேசர் தரையில் உட்கார்ந்து அழுகிறார். கடைசியில் அவர் முகங்குப்புற விழுந்து செய்த மன்றாட்டு ஓர் உயிரையே வாங்குகிறது. விலக்கி வைத்த தலைவர் கமாலியேல் இறந்து போகிறார். ஜேக்கப்ஸ் விவகாரத்தைப் படித்த பிறகு எனக்கு முதல் பாதியைவிட இரண்டாம் பாதிதான் அதிகம் ஞாபகம் வருகிறது.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற 20-ஆம் நூற்றாண்டில் சிலர் வெவ்வேறு வாசல்களைத் தேடினார்கள். ஜெர்மானிய யூதத் தத்துவஞானி ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக், ஆய்வாளர்கள் கடைசித் தொகுப்பாளரைக் குறிக்கும் R என்ற எழுத்தை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு அவர் "ரபேனு", எங்கள் ஆசான், என்றார். அவர் யாராக இருந்தால் என்ன, முடிந்த நூல்தான் எங்களுக்குப் பாடம். அழகான பதில், ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

எருசலேமில் ரபி மொர்தகாய் பிராயர் செய்தது இன்னும் துணிச்சலானது. ஆய்வாளர்கள் சொல்லும் முரண்பாடுகள் எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டார். நோவா ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி ஏற்றினாரா, சுத்தமானவற்றில் ஏழு ஜோடியா? பஸ்கா ஆட்டை நெருப்பில் சுட வேண்டும், தண்ணீரில் வேகவைக்கக் கூடாது என்கிறது யாத்திராகமம். அதே ஆட்டுக்கு உபாகமம் பயன்படுத்தும் வினை வேகவைப்பதற்கானது. இவை வெவ்வேறு குரல்கள், ஒரே மனிதன் இப்படி எழுதவே முடியாது என்றார் பிராயர். அதனால்தான் எழுதியது மனிதனில்லை, கடவுள் ஒருவரால்தான் எதிரெதிரான கோணங்களை ஒரே நேரத்தில் பேச முடியும் என்று முடித்தார்! வெல்ஹவுசனின் கத்தியை வாங்கி அவர் வெட்டிய இடத்திலேயே வெட்டிவிட்டு, எதிர் முடிவுக்குப் போவது. இது நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. எனக்கு ஏற்பில்லை. ஆனால் வசனங்களை முரண்பாடாகவே நிற்கவிட்டுப் படிக்கும் அவருடைய நிதானம் சமாளிப்பு உரைகளைவிட எவ்வளவோ மேல்.

இஸ்ரேலியச் சிந்தனையாளர் யெஷயாஹு லெய்போவிட்ஸ் கேள்வியையே தலைகீழாகப் புரட்டினார். வேதம் புனிதமானது, ஆகவே ரபிகளின் சட்டத்துக்கு அதிகாரம் வந்தது என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? இல்லை, எந்த நூல் புனிதம் என்று முடிவு செய்ததே அந்தச் சட்டம்தான் என்றார். ஆதாரம் தல்மூதில் கொட்டிக் கிடக்கிறது. உன்னதப்பாட்டும் பிரசங்கியும் வேதத்தில் சேருமா என்று மிஷ்னாவில் வாதாடுகிறார்கள். தோராவோடு முரண்படுகிறது என்று எசேக்கியேலை ஒதுக்கிவிட இருந்தார்கள். அனனியா என்ற ஒருவர் முந்நூறு ஜாடி எண்ணெயோடு மாடியறையில் உட்கார்ந்து, எல்லா முரண்பாட்டையும் தீர்த்துவிட்டுத்தான் இறங்கினார். இப்படி மனிதர்கள் உட்கார்ந்து தீர்மானித்த புனிதத்தை, தொல்லியலோ மூலப் பாட ஆய்வோ வந்து அசைக்க முடியாது என்பது லெய்போவிட்ஸின் கட்சி. எனக்கு இதுதான் அசலான யூதப் பதிலாகப் படுகிறது. ஆனால் இது வறண்ட பதிலும்கூட. சட்டத்தை ஏற்றுக்கொள்ள முடிவெடுத்துவிட்டவனுக்கு மட்டுமே இது பதில். ஏன் ஏற்க வேண்டும் என்று வாசலில் நின்று கேட்பவனுக்கு அவர் கதவைத் திறப்பதில்லை.

சமீப காலத்தில் வாசலில் நின்று கேட்பவர்களில் பலர் பெண்கள். அவர்களுக்குக் கானானியரும் இரும்புக் கட்டிலும் பெரிய பிரச்சினை இல்லை. தாமர் ராஸ் என்ற ஆர்த்தடாக்ஸ் தத்துவப் பேராசிரியர் 2004-இல் வெளியிட்ட நூலில் முன்வைக்கும் சிக்கல் இது: தோராவின் குரல் நெடுகிலும் ஆணின் குரலாக இருக்கிறது, அது ஆணிடமே பேசுகிறது, இதை ஏதோ ஒரு வசனத்தின் கோளாறு என்று ஒதுக்க முடியாது. அவருடைய வழி, வெளிப்பாடு சீனாய் மலையோடு முடிந்துவிடவில்லை, தலைமுறை தலைமுறையாகச் சமூகம் புரிந்துகொள்வதன் வழியாகவும் கடவுள் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது. பழையதை அழிக்காமல் அதன் மேல் புதியது சேர்ந்துகொண்டே போகிறது. ஜேக்கப்ஸைவிட இவர் தூரமாகவே போகிறார் என்று நினைக்கிறேன். ஆனாலும் இவர் ஆர்த்தடாக்ஸ் வட்டத்துக்குள்ளேயே இருந்து எழுதுகிறார்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. புதிய புரிதல் கடவுளின் குரல்தான் என்று யார் ஒப்புதல் தருவது? சமூகம் காலப்போக்கில் ஏற்றுக்கொள்வதே அத்தாட்சி என்பது ராஸின் பதில். உபாகமம் 24-இன் முதல் வசனம், விவாகரத்துச் சீட்டைக் கணவன் எழுதி மனைவியின் கையில் கொடுப்பதாகச் சொல்கிறது. அவன் கொடுக்க மறுத்தால் அவள் வருடக்கணக்கில் கட்டுண்டு கிடக்கிறாள். இஸ்ரேலில் யூதர்களுக்கு இன்றும் இதுவே சட்டம். அதைத் தீர்மானிக்கும் ரபிகளின் நீதிமன்றங்களில் நீதிபதிகள் எல்லோரும் ஆண்கள். மோசே எழுதினாரா, எஸ்றா தொகுத்தாரா என்று தெரிந்துகொண்டு அந்தப் பெண் என்ன செய்யப்போகிறாள்? அவளுக்கு வேண்டியது அந்த மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் ஒரு மாற்றம்.